ஜென்ட்ஸ் யாரும் வரலையா?

ஏற்காட்டில் அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பையன் எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான்.

"ஜென்ட்ஸ் யாரும் வரலையா மேடம்?"

தோழி கையிலிருந்த மணியைச் சற்று உயர்த்திக் காட்டினாள். நாலு கிலோகூட இல்லாத வெள்ளைப் பொமரேனியன். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணியிடம் அவன் கேட்டது ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கூடுதலாக 500 ரூபாயும்தான். எங்களிடம் எந்த ஊர், என்ன உறவு, என்ன விஷயமாக வந்திருக்கிறோம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் கேட்டான். கடைசிக் கேள்விக்கு நான் கணவரின் எண்ணை எழுதினேன். அவள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சாவியைக் கேட்டாள்.

திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் சேர்ந்து தங்குவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதையும் ஒரு காரணமாகக் காட்டிக் கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் வந்தால் எதற்கு என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நாற்பத்தேழு வயதில் இரண்டு பெண்கள் நாயோடு வந்தால்தான் குழப்பம்.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அப்படி எங்கும் போனதில்லை. மகனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூரில் தங்கியிருக்கிறேன். மாமனார் ஆபரேஷனுக்கு வேலூரில் பதினோரு நாள். கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாப் பயணத்திலும் என் பையில் பாதிக்கு மேல் மற்றவர்களின் துணியும் மாத்திரையும் இருக்கும். சும்மா போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவதற்கு எங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன். "அவளுக்கு மனசு சரியில்லை. ரெண்டு நாள் கூட இருந்துட்டு வர்றேன்."

உடனே நம்பினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் சேலத்தில் தனியாக இருக்கிறவள், நாய் வளர்க்கிறவள். அவளுக்கு மனசு சரியாக இருந்தால்தான் அவர்களுக்கு ஆச்சரியம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது மாமியார் அழைத்தார். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார். மறுக்க முடியவில்லை. "கண்ணு, மனசத் தளர விடாத. காலம் போன பின்னாடி நெனச்சு என்ன ஆகப்போவுது? எங்க வீட்டுக்கு வா, நாலு நாள் இரு." மாமியார் நல்லவர். அதை நிஜமான அன்போடுதான் சொன்னார். தோழி என் முகத்தையே பார்த்தபடி, "சரிங்கம்மா, இப்போ பரவாயில்லைங்கம்மா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபின் எதுவும் பேசவில்லை.

மாலையில் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். ஏற்காட்டில் ஜென்ட்ஸ் சீட்டும் சில்ரன்ஸ் சீட்டும்கூட உண்டு. பாறைகளுக்கும் யாரோ குடும்பம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவள் வீடு அந்தப் பக்கம்தான் எங்கோ.

"இதுவரைக்கும் உங்க வீட்ல எத்தனை தடவை எனக்கு உடம்பு சரியில்லாமப் போயிருக்கு?" என்று கேட்டாள்.

புத்தகக் கண்காட்சிக்குப் போன தடவை மூட்டு வலி. ஹாஸ்டல் தோழிகள் கூடியபோது டைபாய்டு. எண்ணிப் பார்த்து, "இதோட மூணு" என்றேன்.

"நீ வெளியே வர்றதுக்கு நான் படுத்துக் கெடக்கணும்."

அதன்பின் அவள் மணியிடம் மட்டும்தான் பேசினாள். இரவு அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் கால் நீட்டித் தூங்கினான். நான் தூங்கவில்லை.

காலை ஆறு மணிக்கு மணி கதவைப் பிறாண்டினான். அவள் அசையவில்லை. நானே சங்கிலியை மாட்டிக் கூட்டிப்போனேன். ஏரியோரச் சாலையில் பனி. ஈரோட்டில் எங்கள் தெருமுனையில் பத்து நிமிடம் சும்மா நின்றால் நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே நான் நின்றேன், நடந்தேன், திரும்பவும் நின்றேன், யாரும் கேட்கவில்லை. கையில் நாய் இருந்தால் அந்தப் பெண் ஏதோ வேலையாக வந்திருக்கிறாள். எஸ்டேட் வேலைக்குப் போன பெண்கள் மட்டும் நாயின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் யாராவது இந்தச் சாலையில் சும்மா நின்றிருப்பார்களா என்று தோன்றியது.

கணவருக்குப் போன் செய்தேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லை. எனக்கு வரணும்னு இருந்தது, வந்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மா கிட்ட என்ன சொல்றது?" என்றார்.

"நான் வந்து சொல்லிக்கிறேன்."

அறைக்குத் திரும்பியபோது அவள் தலையணையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு டம்ளர் மூடி வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போனானா?"

"போனான். ரெண்டு தடவை."