இரண்டுக்கு ஒன்று

கறுப்பு முகம் எவ்வளவு கறுப்பு? இதற்கு எண்ணில் பதில் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே காட்சியாக ஒட்டித் தரும் கம்போசிட்டிங் வேலை செய்கிறேன்.

நாங்கள் புழங்கும் நியூக் மென்பொருளில் ஒவ்வொரு செயலும் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு நோட் என்று பெயர். படத்தைத் திறக்க ஒன்று, முகத்தை மட்டும் பிரித்தெடுக்க ஒன்று, நிறத்தை மாற்ற ஒன்று. பெட்டிகளைக் கோட்டால் இணைத்தால் படம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி வரும். பைத்தானில் நிரல் எழுதினால் எந்தப் பெட்டியிடமும் 'இந்தப் புள்ளியில் சிவப்பு எவ்வளவு?' என்று கேட்கலாம். எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். குறுக்கிலும் நெடுக்கிலும் பத்துக்கு ஒன்றாகத் தாவினால் 20,736 புள்ளிகளில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது ஓர் உள்ளூர்த் தமிழ்ப் படத்தில். இரவு வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய கதை. நான் இருப்பது மாக் மண்டினில். தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் பக்கம். தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்தவனுக்கு அந்த நிறுத்தமும் அந்த முகமும் புதிதல்ல. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் பட்ட பழுப்பு முகம், நெற்றியில் மட்டும் ஒரு மினுக்கு. எடுத்து வந்த காட்சியிலும் அது அப்படியே இருந்தது.

இயக்குநர் போனில் சொன்னார்: "தம்பி, ஹீரோயின் மூஞ்சிய கொஞ்சம் தூக்கி விடுங்க. ரொம்ப இருட்டா இருக்கு."

தூக்குவதற்கு இரண்டு வழி உண்டு. முகத்தின் சராசரி சிவப்பு 0.12, பச்சை 0.06 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு பச்சையைப் போல இரண்டு மடங்கு. காமாவை 2 ஆக்கினால் சிவப்பு 0.35, பச்சை 0.24 ஆகும். முகம் வெளுக்கும். ஆனால் இரண்டு மடங்கு 1.4 மடங்காகச் சுருங்கிவிடும். பழுப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். மாறாக இரண்டு எண்களையும் இரண்டால் பெருக்கினால் 0.24, 0.12. வெளிச்சம் கூடும், விகிதம் மாறாது. பெருக்குவது பக்கத்தில் இன்னொரு விளக்கு வைப்பது. காமா தோலையே மாற்றுவது.

இந்த வேறுபாடு வெறும் கணிதமல்ல. கோடக் நிறுவனம் 1950களிலிருந்து நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டையில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பு முகங்கள் சரியாக விழவில்லை என்ற குறை காதில் ஏற வெகுகாலம் பிடித்தது. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருள்களின் பழுப்பு வித்தியாசம் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே ஃபிலிம் மாறியது என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மரத்துக்கு இருந்த மரியாதை மனிதருக்கு இல்லை.

இரண்டு விதமாகவும் செய்து, எண்களையும் சேர்த்து அனுப்பினேன். இயக்குநர் பார்த்துவிட்டு அழைத்தார்.

"ரெண்டாவதுதான் நம்ம புள்ள மாதிரி இருக்கு."

"அப்ப அதையே வச்சிக்கலாம்ல அண்ணே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தூரத்து ஷாட்ல வைங்க தம்பி. குளோசப்ல மொத உள்ளதே இருக்கட்டும். வாங்குறவங்க அததான் கேப்பாங்க."

படம் அப்படியே போனது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள். கேமரா கிட்டே போனதும் அவள் வேறொருத்தி ஆகிவிடுகிறாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கணினிக்கு நிறபேதம் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த எண்ணைச் 'சரி' என்று அதற்குச் சொல்லித்தருவது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். எல்லா முகத்தையும் ஒரே நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கும்படி எழுதினால், கறுப்பு முகம்தான் அதிகம் இழுபடும்.

என் நிரலில் இப்போது சில வரிகள் கூடியிருக்கின்றன. முகத்தின் விகிதம் மூலப்படத்தில் இருந்ததைவிடக் குறைந்தால், அதைக் குறைத்த பெட்டி சிவப்பாக மாறும். வேலை நிற்காது, யாரையும் தடுக்காது. என்ன பறிபோகிறது என்பது மட்டும் தெரியும்.