பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்

கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவதுதான் என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் பையிலோ எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், சின்ன டார்ச், மணிக்கட்டில் கட்டும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை இருக்கும். சர்வரைத் திறந்து எச்.பி.ஏ. கார்டு மாட்டுவது என் வேலைகளில் ஒன்று.

பெரிய நிறுவனங்களில் முக்கியமான தகவல்கள் சர்வருக்குள் இருக்காது. தனியாக, பீரோ அளவில் நிற்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். ஃபைபர் கேபிள் வழியாக சர்வரை அதனோடு இணைப்பதுதான் இந்தக் கார்டு. கியூலாஜிக், எமுலெக்ஸ் என்ற இரண்டு பெயர்களைத்தான் அப்போது அதிகம் பார்ப்போம். கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 இலக்கத்தில் தனி அடையாள எண் உண்டு. மூடியைப் போட்டுவிட்டால் ஸ்டிக்கர் தெரியாது என்பதால், மாட்டுவதற்கு முன்பே அதை நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு ஸ்விட்ச்சில் அதே எண் தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது டிரைவர். புதிய பதிப்பு எது என்பதல்ல கேள்வி. ஸ்டோரேஜ் கம்பெனி தரும் பட்டியலில் இந்தக் கார்டு, இந்த ஃபர்ம்வேர், இந்த டிரைவர் மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வழக்கமாக 2 கார்டு, 2 ஸ்விட்ச், ஸ்டோரேஜில் 2 கண்ட்ரோலர். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காக இப்படி. ஆக, ஒரு டிஸ்க்குக்குப் போக 4 வழி. லினக்ஸ் சர்வரில் அந்த ஒரே டிஸ்க் 4 பெயரில் தெரியும். மல்டிபாத் என்ற மென்பொருள் அவற்றைக் கட்டி ஐந்தாவதாக ஒரு பெயர் கொடுக்கும். எல்லோரும் அந்த ஐந்தாவது பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் புது டேட்டாபேஸ் சர்வர். திங்கட்கிழமை காலை ஓட ஆரம்பிக்க வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் சோதனைகள் எல்லாம் முடிந்தன. போர்ட்டுகள் ஆன்லைன், 4 வழியும் சரி, விளக்கெல்லாம் பச்சை. ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்றேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? நல்லா இருக்கறதை எதுக்கு சார் பிடுங்கணும்?"

"திங்கக்கிழமைக்கு அப்புறம் பிடுங்க முடியாது சார். இன்னிக்குத்தான் முடியும்."

அரை மனதாகத் தலையாட்டினார். ஒரு பக்கம் பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்ய விட்டோம், இன்னொரு பக்கம் டேட்டாபேஸ். முதல் கார்டின் கேபிளைப் பிடுங்கினேன். காப்பி கொஞ்சம் தயங்கி நின்றது, பிறகு தொடர்ந்தது. டேட்டாபேஸ் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லி நின்றேவிட்டது. அறையில் யாரும் பேசவில்லை.

தேடியதில் காரணம் கிடைத்தது. டேட்டாபேஸை நிறுவியவர்கள் ஐந்தாவது பெயரைக் கொடுக்காமல், அந்த நான்கில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். 4 வழி போட்டும் அது ஒற்றை வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. கார்டில் கோளாறில்லை, டிரைவரில் கோளாறில்லை. அதனால் எந்தத் திரையும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் கேபிள் என்றோ ஒருநாள் வேலை நேரத்தில் தளர்ந்திருந்தால், கவுன்ட்டரில் நிற்கும் ஜனங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

பெயரைச் சரிசெய்து, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி மாட்டினோம். ஒவ்வொரு ஸ்விட்ச்சாக அணைத்தும் பார்த்தோம். முடிக்கும்போது ஞாயிறு விடிந்துவிட்டது. கேன்டீன் திறந்ததும் மேனேஜரே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது வழி இருக்கிறது என்பது வேறு, அது வேலை செய்யும் என்பது வேறு. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? பச்சை விளக்கை நம்பாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து, மின்விசிறி சுற்றுகிறதா என்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.