ஆண்டான் கயிறு

ஐடில ஆணி புடுங்கற எல்லாருக்கும் லீன், சிக்ஸ் சிக்மான்னு ஒரு ட்ரெயினிங்காவது நடந்திருக்கும். கராத்தே மாதிரி கிரீன் பெல்ட், பிளாக் பெல்ட்டுன்னு கலர் கலரா குடுப்பாங்க. 'பத்து லட்சத்துக்கு 3.4 தவறு' மனப்பாடம் ஆயிடும். ஆனா இந்த சமாச்சாரத்தோட உயிர் ஒரு கயித்துல இருக்குங்கறது என் கட்சி.

கலிபோர்னியா ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்துச்சு. அஞ்சுல ஒருத்தர் வேலைக்கே வரமாட்டார். தரமும் படுமோசம். என்ன ஆனாலும் லைன் மட்டும் நிக்கக்கூடாது. 1982-ல இழுத்து மூடிட்டாங்க. 1984-ல டொயோட்டா கூட்டு சேர்ந்து, அதே இடத்துல நும்மின்னு திறந்தாங்க. பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க, அதே யூனியன். ஆனா கொஞ்ச காலத்துலயே ஜப்பானுக்கு ஈடான தரத்துல கார் வந்துச்சு. 2010-ல மூடற வரைக்கும் ஓடுச்சு.

அங்க புதுசா வந்ததுல முக்கியமானது ஆண்டான் கயிறு. (ஆண்டான்-அடிமை ஆண்டான் இல்லீங்க! ஜப்பான்ல அதுக்கு விளக்குன்னு அர்த்தம்.) கோளாறு கண்ணுல பட்டா யார் வேணும்னாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். உடனே சரி பண்ண முடியலைன்னா லைன் நிக்கும். ஆனா இழுத்தவருக்குத் திட்டு கிடையாது.

ஜிஎம் தன்னோட மத்த ஆலைகளுக்கும் இதைக் கொண்டு போகப் பார்த்துச்சு. லேசுல நடக்கலை. கயித்தைக் கட்டறது சுலபம், இழுத்தவனை முறைக்காம இருக்கறதுதானே கஷ்டம்!

நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல பக் எண்ணிக்கையை அப்ரைசலோட முடிச்சு போட்டாங்க. மூணே மாசத்துல பக் பாதியாச்சு, மேனேஜருக்கு ஏக குஷி. நடந்தது என்னன்னா, டெஸ்டருங்க சீட்டுக்கே வந்து "மச்சி, இதை பக்கா போடட்டா, என்ஹான்ஸ்மெண்ட்டா போடட்டா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு பொண்ணு மட்டும் விடாம பக் போட்டாங்க. 'டீம் ப்ளேயர் இல்லை'ன்னு பேர் வாங்கி, ரேட்டிங் குறைஞ்சு, வேற டீமுக்குப் போனாங்க. அவங்க போட்டு, நாங்க ஒதுக்கி வெச்ச ஒரு பக்கை ரிலீஸுக்கு அப்புறம் கஸ்டமரே கண்டுபிடிச்சார்.

ஜப்பான்காரங்களுக்கு தரக்கட்டுப்பாடு சொல்லிக்குடுத்த டெமிங் 14 விதி எழுதினார். எட்டாவது, பயத்தை விரட்டுங்கறது. புள்ளியியல் வாத்தியார் இதை ஏன் சொல்லணும்? பயந்தவன் குடுக்கற டேட்டாவுல எந்த சார்ட் போட்டாலும் அது கோலம்தான். பார்க்க அழகா இருக்கும், அவ்ளோதான்.

உங்க ஆபீஸ்ல கடைசியா கயித்தை இழுத்தது யாருங்க? அவங்க இப்போ எந்த டீம்ல இருக்காங்க? எங்க பக்கம் ஆண்டானுக்கு இன்னும் பழைய அர்த்தம்தான்.