200 மைல் கடலும் நியூ பெட்ஃபர்ட் துறைமுகமும்

பாஸ்டனுக்குப் போகும் நம்மவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழக வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்குக் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தது. இரயிலேறித் தெற்கே நியூ பெட்ஃபர்டுக்குப் போனேன். பல்லாண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 மார்ச்சில்தான் இந்த ஊருக்குப் பயணிகள் இரயில் மீண்டும் வரத் தொடங்கியது.

துறைமுகத்தில் துருவேறிய எஃகுப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. அவற்றின் மேல்தளத்தில் இரும்பு வளையங்களால் பின்னிய பெரிய பைகள். அவற்றைக் கடலடியில் இழுத்துத்தான் ஸ்காலப் சிப்பிகளை அள்ளுகிறார்கள். நம் ஊர் உணவகங்களில் வெண்ணெயில் வாட்டி, தட்டுக்கு நாலைந்து வைத்துத் தருவார்களே, அதுதான்.

கடைத்தெருவில் போர்த்துகீசிய மொழி காதில் விழுந்தது. சட்டென மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பு நினைவுக்கு வந்தது. அங்குள்ளவர்களைப் போலவே இவர்களுக்கும் கடல்தான் வாழ்வு. திமிங்கல வேட்டைக் காலத்தில் அசோரஸ், கேப் வெர்டே தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கு ஏராளம். மேட்டில் 1832இல் கட்டிய மாலுமிகள் தேவாலயம் இருக்கிறது. கடலில் மாண்டவர்களின் நினைவுக் கற்கள் அதன் சுவர்களை நிறைத்திருக்கின்றன. உடல் கரை சேராதவர்களுக்கு அந்தக் கல்தான் கல்லறை. அதைப் படித்தபின், தட்டில் வந்த சிப்பியை அலட்சியமாகச் சாப்பிட முடியவில்லை.

இந்த மீனவர்களின் பிரதிநிதியாக 1973இல் அமெரிக்க காங்கிரசுக்குச் சென்றவர் ஜெரி ஸ்டட்ஸ். தொகுதி மக்களோடு பேசுவதற்காகப் போர்த்துகீசிய மொழியையே கற்றுக்கொண்டார். அப்போது அமெரிக்காவின் மீன்பிடி எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல்தான். அதற்கு அப்பால் ஜார்ஜஸ் பேங்க் எனும் வளமான மீன்பிடித் திட்டு. அங்கே சோவியத், போலந்து, கிழக்கு ஜெர்மனி நாடுகளின் பெருங்கப்பல்கள் நடுக்கடலிலேயே மீனைப் பிடித்து, உறைய வைத்துக் கொண்டுபோயின. உள்ளூர்ப் படகுகளுக்கு மிச்சம்தான் கிடைத்தது.

எல்லையை 200 கடல் மைலாக விரிக்க ஸ்டட்ஸ் கொண்டுவந்த மசோதாவின் எண்ணும் 200தான். அனைத்துலகக் கடற்சட்டப் பேச்சு முடியட்டும் என்று வெளியுறவுத் துறை எதிர்த்தது. செனட்டில் வாஷிங்டன் மாநிலத்தின் வாரன் மேக்னசன் துணை நின்றார். 1976 ஏப்ரல் 13ஆம் நாள் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட, மறு ஆண்டு மார்ச் 1 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. மீன்பிடி விதிகளை வகுக்க எட்டு வட்டார மன்றங்கள் அமைந்தன. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது.

வெளிநாட்டுக் கப்பல்கள் விலகின. ஊரே மகிழ்ந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசாங்கக் கடன் உத்தரவாதமும் வரிச்சலுகையும் துணையிருக்க, புதுப் படகுகள் பெருகின. மீன் கூட்டத்தைக் காட்டும் மின்னணுக் கருவிகளும் வந்தன. அந்நியர் அள்ளியதை இப்போது சொந்தப் படகுகளே அள்ளின. காட் மீன் அருகியது. 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்கின் பெரும் பகுதிகளை மூட வேண்டியதாயிற்று. படகுக் கடனைக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது இடி.

ஆனால் மூடிய கடலில் ஒன்று நடந்தது. வலை போகாத இடத்தில் ஸ்காலப் பெருகியது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீனவர்களின் படகிலேயே போய், கடலடிக்குக் கேமரா இறக்கிச் சிப்பிகளை எண்ணினார்கள். பிறகு பகுதி பகுதியாகத் திறந்து, சிப்பி வளர மூடி, மறுபடியும் திறக்கும் முறை வந்தது. பிடிபடும் கடலுணவின் மதிப்பில் நியூ பெட்ஃபர்ட் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவின் முதல் துறைமுகமாக நின்றது இதனால்தான். காட் மீன் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மலேசியாவும் 1980இல் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தை அறிவித்தது. அந்நியப் படகுகளை விரட்டுவோம் என்று எந்த மேடையில் சொன்னாலும் கைத்தட்டல் கிடைக்கும்; இயந்திரமும் வலையும் தருவோம் என்றாலும் கிடைக்கும். "சில காலம் இந்தப் பக்கம் போகாதீர்கள், அதுவரை உங்கள் குடும்பத்துக்கு நான் பொறுப்பு" என்று தன் வாக்காளரிடமே சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். ஸ்டட்ஸின் சட்டம் வெளியாரைத் தடுத்தது. உள்ளூர்க்காரர்களுக்கும் கடலின் பெரும் பகுதிகளை மூட மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

ஊர் திரும்பிய ஞாயிறன்று சந்தைக்குப் போனேன். கெம்போங் மீன் விலை மறுபடியும் ஏறியிருந்தது. மீன்காரரிடம் பேரம் பேச வாயெடுத்தவன், தேவாலயத்துச் சுவர் நினைவுக்கு வர, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.